நாய்களிடம் பாடம் கற்ற மேதை

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றைக் கடந்து மேலே போனால் சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி விளையும் சிற்றூர்கள். பலா மரங்கள் காய்த்து நிற்கும். மிளகுக் கொடி மரத்தைச் சுற்றி ஏறியிருக்கும். வல்வில் ஓரி ஆண்ட மலை அல்லவா அது!

அந்த மலையில் பயிர் வைப்பவர்களுக்கு ஒரு பகை உண்டு. அதுதான் காட்டுப்பன்றி. இரவில் வரும். மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்னும். தின்றதைவிட நாசம் செய்தது அதிகமாக இருக்கும்.

காவலுக்கு நாய் வேண்டும். நாய் குரைத்தால் போதும். பன்றி மேல் பாய்ந்தால் ஆபத்து. பன்றியின் கோரைப் பல் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். ஆகவே, "வா" என்று கூப்பிட்டவுடன் திரும்பி வருகிற நாய்தான் பிழைக்கும்.

இந்த ஒரு சொல்லைக் குட்டியாக இருக்கும்போதே கற்றுக் கொடுக்க வேண்டும். எப்படிக் கற்றுக் கொடுப்பது? கம்பை எடுத்தா? அல்லது ஒரு துண்டு கருவாட்டைக் கொடுத்தா?

தீனி கொடுத்துப் பழக்கினால் நாய் கெட்டுப்போகும் என்று சொல்பவர்கள் உண்டு. அது லஞ்சம் என்பது அவர்கள் கட்சி. தீனி நாய்க்கு லஞ்சமா, பாடமா? இதற்கு விடை காண வழி செய்தவர் கொல்லிமலையைக் கண்டவர் அல்ல. பனி பெய்யும் ரஷ்ய நாட்டில் பிறந்தவர். நாயைப் பழக்க வேண்டும் என்று அவர் புறப்படவும் இல்லை. சாப்பாடு எப்படி ஜீரணமாகிறது என்றுதான் ஆராய்ந்தார். அவர் பெயர் பாவ்லாவ்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

இவான் பெத்ரோவிச் பாவ்லாவ் 1849-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி ரியஸான் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பாதிரியார். வருமானம் குறைவு, பிள்ளைகள் அதிகம். பாவ்லாவ் மூத்த மகன். தந்தையோடு சேர்ந்து தோட்டத்தில் மண் கொத்துவது அவருடைய வேலை. அந்தப் பழக்கம் பிற்காலத்தில் அவருடைய உயிரைக் காப்பாற்ற உதவியது. அதைப் பிறகு சொல்கிறோம்.

சுமார் எட்டு வயதில் உயரமான இடத்திலிருந்து கல் தரையில் விழுந்துவிட்டார். பலத்த அடி. 11 வயது வரை பள்ளிக்கூடம் போக முடியவில்லை. பிறகு, பாதிரியார் ஆவதற்காகச் சமயப் பள்ளியில் சேர்த்தார்கள்.

அங்கே ஒரு புத்தகம் அவர் வாழ்க்கையை மாற்றியது. மூளையின் அனிச்சைச் செயல்களைப் பற்றி செச்செனாவ் என்ற விஞ்ஞானி 1863-ல் எழுதிய நூல் அது. கண்ணில் தூசி விழுந்தால் இமை தானே மூடுகிறது. சுட்டால் கை தானே பின்வாங்குகிறது. மனத்தின் செயல்களையும் இப்படியே ஆராய முடியுமா? இந்தக் கேள்வி இளைஞர் பாவ்லாவைப் பிடித்துக் கொண்டது. 1870-ல் பாதிரியார் படிப்பை விட்டுவிட்டு, தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார்.

வறுமையிலும் ஆராய்ச்சி

1875-ல் பட்டம் பெற்றார். பிறகு வைத்தியமும் படித்தார். 1881-ல் செராபிமா என்ற பெண்ணை மணந்தார். குடும்பம் நடத்தப் பணம் இல்லை. சில காலம் தம்பி வீட்டில் ஒண்டிக் குடியிருந்தார். முதல் குழந்தை மிகச் சிறு வயதிலேயே இறந்துவிட்டது.

அவருடைய நிலையைப் பார்த்து மாணவர்கள் மனம் வருந்தினார்கள். நேராகக் கொடுத்தால் வாங்க மாட்டார். ஆகவே, விசேஷ வகுப்பு நடத்தியதற்குச் சம்பளம் என்று சொல்லிப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். பாவ்லாவ் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பணத்தையும் ஆராய்ச்சிக்கு வேண்டிய பிராணிகளுக்கே செலவிட்டுவிட்டார்!

1884-ல் ஜெர்மனி சென்று இரண்டு ஆண்டுகள் ஆராய்ச்சி பயின்றார். 1890-ல் ராணுவ வைத்தியக் கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. மறு ஆண்டு புதிதாகத் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் உடலியல் பகுதிக்குத் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு வயது 41. அதுவரை வறுமைதான்.

"சின்ன நண்பன்"

அந்தக் காலத்தில் பிராணிகளை அறுத்து, அவை சாகும் தறுவாயில் அவசர அவசரமாகச் சோதிப்பது வழக்கம். பாவ்லாவ் அதை ஏற்கவில்லை. வலியாலும் பயத்தாலும் துடிக்கும் நாயின் இரைப்பை இயல்பாக வேலை செய்யாது என்றார். மனிதனுக்குச் செய்வது போலவே மயக்க மருந்து கொடுத்து, சுத்தமான அறையில் அறுவைச் சிகிச்சை செய்தார். காயம் ஆறி, நாய் தேறிய பிறகே சோதனை.

அப்படி ஒரு நாய். பெயர் துருஷோக். ரஷ்ய மொழியில் சின்ன நண்பன் என்று பொருள். 1894-ல் அந்த நாயின் இரைப்பையில் ஒரு சிறு பகுதியைப் பிரித்துத் தனிப் பை போல் ஆக்கினார். நாய் சாப்பிடும்போது அந்தப் பையில் சுரக்கும் நீரை வெளியிலிருந்தே அளக்க முடிந்தது.

இன்னொரு சோதனை இன்னும் வியப்பானது. சில நாய்களின் உணவுக் குழாயைக் கழுத்துப் பக்கம் திறந்து விட்டார். நாய் ருசித்து விழுங்கும். உணவோ கழுத்து வழியாக வெளியே விழுந்துவிடும். இரைப்பைக்கு ஒரு துணுக்கும் போகாது. ஆனாலும் சில நிமிடங்களில் இரைப்பையில் நீர் சுரந்தது! அந்த நீரை மருந்தாகவும் விற்றார்கள். அந்த வருமானம் ஆராய்ச்சிக்கு உதவிற்று.

உணவு போய்ச் சேரும் முன்பே வயிற்றுக்குச் செய்தி போய்விடுகிறது என்று தெரிந்தது. இந்த ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற முதல் ரஷ்யர் பாவ்லாவ்தான்.

காலடி ஓசை

பரிசு கிடைத்தபோது அவர் மனம் வேறு ஒன்றில் இருந்தது.

ஆராய்ச்சிச் சாலையில் ஒரு தொல்லை. நாய்க்கு உணவு கொடுத்தால் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்று அளக்க வேண்டும். ஆனால், உணவு வருவதற்கு முன்பே நாய்க்கு எச்சில் ஊறியது. தட்டைப் பார்த்தால் ஊறியது. தீனி கொண்டுவரும் ஆளின் காலடி ஓசை கேட்டாலே ஊறியது.

மற்றவர்களாக இருந்தால் சோதனை கெட்டுவிட்டது என்று அலுத்துக் கொண்டிருப்பார்கள். பாவ்லாவ் அந்தத் தொல்லையையே ஆராயத் தொடங்கினார்.

எச்சில் சுரப்பியின் வாயைக் கன்னத்தின் வெளிப்புறம் திருப்பி வைத்துச் சொட்டுச் சொட்டாக எண்ணினார். நாய்க்கு ஒரு ஓசையைக் கேட்கச் செய்வார். உடனே தீனி கொடுப்பார். இப்படிப் பல முறை. பிறகு ஓசை மட்டும் கேட்கும், தீனி வராது. ஆனாலும் எச்சில் ஊறும். மணி அடித்ததாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது சங்கீத மாணவர்கள் தாளம் பிடிக்க வைத்திருக்கும் மெட்ரோனோம் கருவி, மின்சார பஸ்ஸர், விளக்கு இவற்றைத்தான்.

பழக்கத்தால் வந்த இந்தச் செயலுக்கு, கட்டுப்பட்ட அனிச்சைச் செயல் என்று பெயர். 1903-ல் மாட்ரிட் நகரில் நடந்த வைத்திய மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். அப்போது அவர் வயது 53. அதற்குப் பிறகு 30 ஆண்டுகளுக்கு மேல் இந்த ஒன்றையே ஆராய்ந்தார்.

முந்த வேண்டியது எது?

பாவ்லாவின் சோதனைகள் நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்குச் சொல்லும் பாடங்கள் பல.

முதல் பாடம், வரிசை. ஓசை முதலில், தீனி பிறகு. இதை மாற்றித் தீனியைக் கொடுத்துவிட்டு ஓசை எழுப்பினால் நாய் கற்பது அரிது. கொல்லிமலைக் குட்டிக்கும் அதுதான். கருவாட்டைக் காட்டிவிட்டு "வா" என்றால், குட்டி கருவாட்டைத்தான் பார்க்கும், சொல்லைக் கேட்காது. "வா" என்று ஒரு முறை சொல்ல வேண்டும். குட்டி வந்த அந்தக் கணமே மடியில் இருப்பதை எடுத்துக் கொடுக்க வேண்டும். முன்னே காட்டினால் லஞ்சம்; பின்னே கொடுத்தால் கூலி!

இரண்டாவது பாடம், பசி. வயிறு நிறைந்த நாய்க்கு ஓசை கேட்டாலும் எச்சில் சரியாக ஊறவில்லை. ஆகவே குட்டியைப் பழக்க ஏற்ற நேரம் சாப்பாட்டுக்கு முந்திய வேளை. கொடுப்பதும் சுண்டைக்காய் அளவு போதும். ஒரு விள்ளல் களியைப் பத்தாகக் கிள்ளினால் பத்துப் பாடம் நடத்தலாம். பட்டினி போடுவது வேறு, அது கூடாது.

மூன்றாவது பாடம் வேடிக்கையானது. உதவியாளர்கள் நாயை நன்றாகப் பழக்கிவிட்டு, பாவ்லாவை அழைத்துக் காட்டுவார்கள். அவர் அறைக்குள் நுழைந்ததும் நாய் எல்லாவற்றையும் மறந்து நிற்கும்! காரணம், புது ஆள். புதியது எதைக் கண்டாலும் நாயின் கவனம் அங்கே போய்விடுகிறது. இதற்காகவே வெளிச் சத்தம் நுழையாத தடித்த சுவர்களோடு தனிக் கட்டிடம் ஒன்று எழுந்தது. அமைதிக் கோபுரம் என்று அதற்குப் பெயர்.

வீட்டு முற்றத்தில் ஓடி வரும் குட்டி, செம்மேட்டுச் சந்தைக் கூட்டத்தில் வராமல் நின்றால் அது திமிர் அல்ல. முற்றத்தில் தொடங்கி, தெருவில் பழக்கி, பிறகு காட்டு ஓரத்துக்கு அழைத்துப் போக வேண்டும். இதை அறியாதவர்கள் குட்டியை அடித்துவிடுகிறார்கள். கூப்பிட்ட பிறகு தாமதமாக வந்தது என்று ஒருமுறை அடித்தால் போதும். "வா" என்ற சொல்லுக்கு அடி என்று பொருள் படிந்துவிடும். அப்புறம் அந்தச் சொல்லைக் கேட்டாலே குட்டி ஓடும்.

நான்காவது பாடம், நம்பிக்கை. ஓசை கேட்கிறது, தீனி வரவில்லை; மறுபடியும் வரவில்லை. இப்படியே போனால் எச்சில் குறைந்து நின்றுவிடும். பொய்த்துக்கொண்டே இருக்கும் சொல்லை நாய் மதிப்பதில்லை.

வட்டமும் நீள்வட்டமும்

1914-ல் பாவ்லாவின் ஆராய்ச்சிச் சாலையில் ஷெங்கர்-கிரெஸ்டோவ்னிகோவா என்ற பெண்மணி ஒரு சோதனை செய்தார்.

நாய்க்கு வட்டத்தைக் காட்டினால் தீனி உண்டு. நீள்வட்டத்தைக் காட்டினால் இல்லை. நாய் விரைவில் கற்றுக் கொண்டது. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் போல் ஆக்கிக் கொண்டே வந்தார். கடைசியில் இரண்டுக்கும் மிகச் சிறிய வித்தியாசம்தான், எட்டுக்கு ஒன்பது.

நாய் தடுமாறியது. மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை அமைதியாக நின்ற நாய் கத்தியது, துள்ளியது, கருவிகளைக் கடித்துக் குதறியது. முன்பு சுலபமாகக் கண்டுபிடித்ததைக்கூட மறந்துவிட்டது.

யாரும் அந்த நாயை அடிக்கவில்லை. குழப்பம் ஒன்றே அதன் நரம்பைக் கலக்கியது!

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். அப்பா "வா" என்பார். பிள்ளை "இங்கே வாடா" என்பான். பாட்டி "ச்சூ ச்சூ" என்பாள். ஒரு நாள் மேலே தாவினால் கொஞ்சுவார்கள். மறுநாள் அதற்கே அடிப்பார்கள். குட்டிக்கு எது வட்டம், எது நீள்வட்டம் என்று எப்படித் தெரியும்? ஒரு காரியத்துக்கு ஒரே சொல் என்று வீட்டார் எல்லோரும் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பாடம் குட்டிக்கு மட்டும் அல்ல!

கால் தூக்கிய நாய்

எச்சில் தானே ஊறுவது. உட்காருவதும் ஓடி வருவதும் நாய் தானாகச் செய்யும் காரியங்கள். இவற்றுக்கும் அதே விதியா?

அமெரிக்காவில் தார்ண்டைக் என்பவர் 1898-ல் இதற்கு ஒரு விடை கண்டிருந்தார். பூனைகளைப் பெட்டியில் அடைத்து, வெளியே மீனை வைத்தார். தற்செயலாகத் தாழ்ப்பாளைத் தட்டி வெளியே வந்த பூனை, அடுத்தடுத்த முறை இன்னும் விரைவாக வந்தது. பலன் தந்த செயலைப் பிராணி திரும்பச் செய்கிறது என்று அவர் கண்டார்.

போலந்து நாட்டு வார்சா நகரில் கொனார்ஸ்கி, மில்லர் என்ற இரண்டு வைத்திய மாணவர்கள் இருந்தார்கள். நாயின் காலை இவர்களே தூக்கிவிட்டுத் தீனி கொடுத்தார்கள். பல முறை இப்படிச் செய்ததும், தீனி வேண்டி நாய் தானே காலைத் தூக்கியது! இது பாவ்லாவ் கண்டதிலிருந்து வேறுபட்ட ஒரு வகை என்று 1928-ல் எழுதினார்கள். உலகப் புகழ் பெற்ற கிழவர், இந்த இளைஞர்களை அலட்சியம் செய்யவில்லை. கொனார்ஸ்கி பாவ்லாவின் ஆராய்ச்சிச் சாலைக்கே வந்து தங்கி வேலை செய்தார்.

பிற்காலத்தில் அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர் இரண்டையும் இணைத்தார். நாய் சரியாகச் செய்த கணத்தில் "டிக்" என்று ஓர் ஓசை, பின்னால் தீனி. இப்படி நாயைப் பழக்கும் முறையை விளக்கி 1951-ல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஓசைக்குக் கடையில் வாங்கும் கருவிதான் வேண்டும் என்பதில்லை. நாக்கைச் சொடுக்கினாலும் போதும். குட்டி நன்றாகக் கற்ற பிறகு, ஒவ்வொரு முறையும் தீனி தர வேண்டியதும் இல்லை. சில முறை தீனி; சில முறை தட்டிக் கொடுத்தல். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகப் பழகிய பழக்கம் எளிதில் அழிவதில்லை.

பசி வந்தது, வெள்ளம் வந்தது

தீனியை வைத்து உலகத்துக்குப் பாடம் சொன்ன பாவ்லாவுக்கே பசி வந்தது.

1917-ல் ரஷ்யப் புரட்சி. பின்னர் உள்நாட்டுப் போர். நோபல் பரிசுப் பணம் போயிற்று. ஒரு மகனும் இறந்தான். பெட்ரோகிராட் என்று பெயர் மாறியிருந்த அந்த நகரில் ரொட்டி இல்லை, விறகு இல்லை. வயது 70-ஐத் தொட்ட பாவ்லாவ், ஆராய்ச்சி நிலையத்து நிலத்தில் மண்வெட்டி பிடித்துக் காய்கறி பயிரிட்டார். சிறு வயதில் தந்தையிடம் கற்ற வேலை கை கொடுத்தது.

அவருடைய நாய்கள்? பல நாய்கள் பட்டினியால் இறந்தன. எஞ்சியவை சோதனையில் சோர்ந்து நின்றன. ஓசைக்கு எச்சில் ஊறவில்லை. உயிர் ஊசலாடும் பசியில் பாடம் ஏறாது என்பதையும் அந்த நாய்களே காட்டின.

1920-ல் நாட்டை விட்டுப் போக அனுமதி கேட்டார் பாவ்லாவ். அரசு அவரை இழக்க விரும்பவில்லை. அவருக்குத் தனி ரேஷனும் ஆராய்ச்சிக்கு எல்லா உதவியும் அளிக்கும்படி 1921 ஜனவரியில் லெனின் உத்தரவில் கையெழுத்திட்டார். அதற்காகப் பாவ்லாவ் வாயை மூடிக் கொள்ளவில்லை. அரசின் கொள்கைகளை வகுப்பில் வெளிப்படையாகவே கண்டித்தார். பாதிரியார்களின் பிள்ளைகளை ராணுவ வைத்தியக் கழகத்திலிருந்து நீக்கியபோது, தாமும் பாதிரியார் மகன்தான் என்று சொல்லிப் பதவியை விட்டு விலகினார். தீனி கொடுத்து அவரைப் பழக்க முடியவில்லை!

1924 செப்டம்பர் 23-ந் தேதி பெரு வெள்ளம். நகரின் பெயர் அப்போது லெனின்கிராட். நாய்க் கூடங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. உதவியாளர்கள் பாய்ந்து சென்று, நாய்களை நீந்த வைத்துக் கரை சேர்த்தார்கள். நாய்கள் பிழைத்தன. ஆனால் அவற்றில் சில, ஆண்டுக்கணக்காகக் கற்றதை அடியோடு மறந்துவிட்டன. பொறுமையாக மீண்டும் பழக்கினார்கள். நினைவு திரும்பியது. பிறகு ஒரு நாள், கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசிய விட்டார்கள். அவ்வளவுதான்! தேறியிருந்த நாய் மறுபடியும் நடுங்கியது. பாடம் மறுபடியும் மறந்தது.

ஒரு முறை ஏற்பட்ட பெரும் பயம், நாள் கணக்கில் ஊட்டிய பாடத்தைக் கலைத்துவிடும். கம்பை ஓங்கும் முன் இதை நினைத்துக் கொள்வது நல்லது.

நாய்க்கு ஒரு சிலை

பாவ்லாவ் கண்டிப்பானவர். குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் உதவியாளர்களுக்குத் திட்டு விழும். கோபம் வந்தது போலவே போயும்விடும். கோடையில் கட்டைகளை அடுக்கி, தடியை வீசித் தட்டி விளையாடுவதில் குழந்தை போல் உற்சாகம்.

தம்முடைய கத்திக்கு உட்பட்ட நாய்களை அவர் மறக்கவில்லை. அவர் தந்த அறிவுக்கு விலை கொடுத்தவை அந்த நாய்கள் அல்லவா? கன்னத்தில் துளை, வயிற்றில் குழாய், தோல் வாரில் கட்டுண்டு நின்ற நாட்கள். அவரிடமிருந்து வந்த அறிவைக் கொண்டு இன்று நாம் ஒரு குட்டியை அடிக்காமல் பழக்க முடிகிறது. ஆனால் அந்த அறிவு பிறந்த அறையில் நாய்கள் பட்ட துன்பமும் பொய் அல்ல.

1935-ல் பாவ்லாவ் வேலை செய்த ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. பீடத்தின் மேல் பாவ்லாவ் இல்லை. ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. உலக உடலியல் மாநாடு அந்த ஆண்டு ரஷ்யாவில் கூடியது. அதற்குத் தலைமை வகித்தவர் 85 வயது பாவ்லாவ்.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி நிமோனியாக் காய்ச்சலால் லெனின்கிராடில் அவர் காலமானார். அந்த நகரம் இன்று மறுபடியும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று பழைய பெயரோடு விளங்குகிறது. நாய்ச் சிலை அதே தோட்டத்தில் இருக்கிறது.

சொன்ன சொல்லுக்குப் பின்னால் சொன்னது கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் நாயைக் கற்க வைக்கிறது. தீனி அந்த நம்பிக்கையின் அடையாளம். கொல்லிமலைக் காட்டு ஓரத்தில், பன்றியின் முன்னால் நிற்கும் ஒரு நாய் "வா" என்ற குரலைக் கேட்டுத் திரும்பி ஓடி வருகிறது என்றால், அது கருவாட்டுக்காக மட்டும் வருவதில்லை. அந்தக் குரல் தன்னை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை என்பதற்காக வருகிறது.